கையால் செய்ததை நண்பர்களுக்குக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பவர்களுக்கும், கொக்கி ஊசியால் நூலைக் கோத்துக் குரோஷே பின்னுபவர்களுக்கும் ஒரு கட்டத்தில் வீட்டில் இடம் போதாமல் போகும். ஏழாவது மஃப்ளரை யார் போட்டுக்கொள்வது? அப்போதுதான் கை நண்பர்கள் பக்கம் நீளும், கூடவே சந்தேகங்களும் வரும். கீழே இருப்பவற்றில் பல என்னிடம் மற்றவர்கள் கேட்டவை. சில, நானே சூடுபட்டுத் தெரிந்துகொண்டவை.

நான் இன்னும் கற்றுக்குட்டி. கோணல்மாணலாக வந்ததைப் போய் ஒருவருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கோணலில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணுக்கு மட்டும் தெரிவது, இன்னொன்று பயன்படுத்தும்போது காலை வாருவது. ஒரு வரிசையில் ஒரு தையல் கூடுதலாக விழுந்து ஓரம் லேசாக வளைந்திருந்தால் அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பையின் கைப்பிடி ஒற்றைத் தையலில் நின்றால் அது நடுத்தெருவில் அறுந்து உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். முதல் வகையை அப்படியே கொடுங்கள். இரண்டாவதைச் சரிசெய்யாமல் கொடுக்காதீர்கள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல் ஓட்டி, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு கோடு போட்டுவிட்டால் கனத்தைத் தாங்கும்.

அப்புறம், கொடுக்கும்போது "இங்கே தப்பு, அங்கே பிசிறு" என்று நீங்களே விரல் வைத்துக் காட்டாதீர்கள். என் முதல் தொப்பியைக் கொடுத்தபோது அதிலிருந்த ஐந்து தவறுகளையும் வரிசையாக ஒப்பித்தேன். அதுவரை தோழி அதை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கண் அந்த ஐந்து இடங்களை விட்டு நகரவே இல்லை.

யாருக்கு என்ன செய்து கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

உங்களுக்குச் செய்ய ஆசையாக இருப்பதும் அவர்களுக்குத் தேவையாக இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நமக்குச் சிக்கலான பூ வேலைப்பாடு போட்டுப் பார்க்க ஆசை. அவருக்கோ கண்ணாடி வைக்க ஒரு சின்ன உறை போதும். அவர் ஏற்கெனவே தினமும் கையில் எடுப்பது என்ன, எந்த நிறத்தில் உடுத்துகிறார் என்று ஒரு வாரம் கவனித்தாலே விடை கிடைத்துவிடும். கறுப்பும் சாம்பலும் தவிர வேறு எதுவும் போடாதவருக்கு வானவில் நிறத்தில் மஃப்ளர் பின்னினால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள். திடுக்கிட வைக்கும் பரிசைவிடக் கேட்டுச் செய்த பரிசுதான் அதிகம் பயன்படுகிறது என்பது என் அனுபவம்.

அளவு தெரியவில்லை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். என்ன செய்வது?

அளவு தேவைப்படாத பொருள்களே நிறைய இருக்கின்றன: துணிப்பை, தலையணை உறை, மஃப்ளர், புத்தகக் குறி, பொருள் வைக்கும் கூடை. முதல் பரிசுக்கு இவையே போதும்.

உடைதான் தைக்க வேண்டும் என்றால், அவருக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சட்டை எப்படியாவது உங்கள் கைக்கு வர வேண்டும். அதைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் உடையின் மார்புச் சுற்றளவு கிடைக்கும். உடம்பின் அளவு அல்ல, உடையின் அளவு என்பதை மறக்காதீர்கள். அதில் ஏற்கெனவே தளர்வு சேர்ந்திருக்கும். அதன் மேல் நீங்கள் இன்னொரு தளர்வு சேர்த்தால் உடை சாக்குப்பை ஆகிவிடும். தையலுக்கு விடும் ஓரத்துணியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொப்பிக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ.க்குள் இருக்கும். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 35 செ.மீ., ஒரு வயதில் ஏறக்குறைய 46. பின்னல் இழுபடும் என்பதால் தலையைவிட 3 அல்லது 4 செ.மீ. குறைவாகப் பின்னினால்தான் தொப்பி கண்ணை மறைக்காமல் நிற்கும்.

எந்த நூல், எந்தத் துணி?

பரிசாகப் போகும் பொருள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: இதை யார் துவைக்கப் போகிறார்கள்? எல்லாத் துணியோடும் சேர்த்து மெஷினில் போடுபவராக இருந்தால் அக்ரிலிக் அல்லது பருத்தி நூல். கையால் பார்த்துப் பார்த்து அலசுபவராக இருந்தால் மட்டுமே கம்பளி.

கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். சுடுநீர், சோப்பு, உரசல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பின்னல் சுருங்கிக் கெட்டியாகி, இழை தனித்துத் தெரியாத 'ஃபெல்ட்' துணி போல ஆகிவிடும், திரும்ப விரியாது. நான் 3 மாதம் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று ஒரே துவைப்பில் பொம்மைக்குப் போடும் அளவுக்கு வந்து சேர்ந்தது. துவைத்தவர் மேல் தப்பில்லை. அது கம்பளி என்று நான் சொல்லவே இல்லை. மெஷினில் போடக்கூடியபடி பதப்படுத்திய கம்பளியும் விற்கிறது. லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று இருக்கும்.

சூடு படும் பொருள்களில் அக்ரிலிக், பாலியஸ்டர் இரண்டும் கூடாது. இவை பிளாஸ்டிக் குடும்பம், சூட்டில் உருகும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் வளையம் எல்லாம் முழுப் பருத்தியில்தான் இருக்க வேண்டும். குரோஷேயில் ஓட்டைகள் இருக்கும் என்பதால் இரட்டை அடுக்காகப் பின்ன வேண்டும், ஒற்றை அடுக்கு கையைச் சுட்டுவிடும். மைக்ரோவேவில் கிண்ணத்தோடு வைக்கும் உறை என்றால் வெளித்துணி, உள்ளே வைக்கும் பஞ்சுத் தாள், தைக்கும் நூல் மூன்றுமே பருத்தியாக இருக்க வேண்டும். நூல் மட்டும் பாலியஸ்டராக இருந்தாலும் உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். பளபளக்கும் ஜரிகை நூலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். முதல் துவைப்பில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அதாவது ஒரு மீட்டரில் 3 முதல் 5 செ.மீ. காணாமல் போகும். உங்கள் வீட்டில் சுருங்கினால் அது வெறும் துணி. அவர் வீட்டில் சுருங்கினால் அது உங்கள் தையல்.

பழைய பெட்டியில் லேபிள் இல்லாத நூல்கண்டு இருக்கிறது. என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல வாசம் விட்டுச் சாம்பலாகும். கம்பளி என்றால் முடி கருகும் வாசம் அடிக்கும், தீயை எடுத்தால் தானாகவே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் நுனியில் கெட்டியான கறுப்பு உருண்டை நிற்கும். இரண்டு வகை இழை கலந்த நூல் என்றால் இரண்டு குணமும் காட்டிக் குழப்பும். அந்த நூலைப் பரிசுக்கு எடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போகுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஈரமான வெள்ளைத் துணியால் நூலையோ துணியையோ அழுத்தித் தேயுங்கள். அல்லது ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு அரை மணி நேரம் ஊறவையுங்கள். அடர் சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பின்னும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தோழியின் குழந்தைக்குப் பொம்மை பின்னுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கறாராகத்தான் பதில் சொல்வேன்.

குரோஷே பொம்மைகளை 'அமிகுருமி' என்கிறார்கள். ஜப்பானியச் சொல். பின்னல் என்பதையும் பஞ்சடைத்த பொம்மை என்பதையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது. அதற்குக் கண்ணாக வைக்க, பின்புறம் வளையம் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கண்கள் கிடைக்கின்றன. 'பாதுகாப்புக் கண்' என்று பெயர். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். பின்னலின் ஓட்டை இழுபட்டால் வளையத்தோடு சேர்ந்து கண் வெளியே வரலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் நூலால் தைத்துவிடுங்கள். பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம்.

சிறு பொருள் தொண்டையில் சிக்குமா என்று பார்க்கப் பொம்மைத் தரச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழலைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்குக் கீழே ஆபத்து. வீட்டில் டிஷ்யூ பேப்பர் உருளையின் நடு அட்டையை வைத்துப் பார்க்கலாம். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் நாம் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்போம், நல்லதுதான்.

பொம்மைக்கு நூல் லேபிளில் சொல்லியிருப்பதைவிட ஒன்று அல்லது இரண்டு அளவு சின்ன ஊசியால் நெருக்கமாகப் பின்னுங்கள். பின்னலை விரலால் இழுத்துப் பார்க்கும்போது உள்ளே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கக் கூடாது. கை, கால், காதைத் தைத்துச் சேர்த்த பின் நன்றாக இழுத்துப் பாருங்கள். பாவம் என்று இரக்கப்படாமல் இழுங்கள், குழந்தை இரக்கப்படாது.

காலுறை, கையுறை பின்னினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தளர்வாகத் தொங்கும் ஒரு நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும். அழுகிற குழந்தைக்கு என்ன வலி என்று யாருக்கும் தெரியாது. போர்வையில் பெரிய ஓட்டை வரும் டிசைன் வேண்டாம் என்பதும் இதனால்தான், விரல் மாட்டும். கழுத்தில் கட்டும் நாடாவும் வேண்டாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதனால் குட்டிப் போர்வையைக் கொடுக்கும்போதே "முழித்திருக்கும்போது தரையில் விரித்துப் போட" என்று சொல்லிக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் கடைசியாக என்னென்ன பார்க்க வேண்டும்?

ஊசிகளை எண்ணுங்கள். நான் தைக்க உட்காரும்போது ஊசி மெத்தையில் 20 குண்டூசி வைப்பேன், முடிக்கும்போது 20 திரும்ப வர வேண்டும். ஒருமுறை 19தான் இருந்தது. எங்காவது கீழே விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தோழி போன் செய்தாள். தலையணை உறையின் மடிப்புக்குள் இருந்தது அந்த இருபதாவது. நல்ல வேளையாகக் கையில்தான் குத்தியது. அதிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து எல்லா மடிப்பிலும் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கட்டுவேன்.

குரோஷேயில் பார்க்க வேண்டியது நூல் முனைகள். முடிக்கும்போது குறைந்தது 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அகன்ற காதுள்ள மழுங்கிய ஊசியில் கோத்து ஒரு திசையில் சில தையல், திரும்பி எதிர்த் திசையில் சில தையல், மறுபடி ஒருமுறை என்று நுழைத்தால் துவைத்தாலும் நழுவாது. முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுபவர்கள் உண்டு. முடிச்சு என்றாவது அவிழும், அவிழும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

தையலில் வெட்டிய ஓரங்கள் பிசிறு விடாமல் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஓவர்லாக் தையலோ, வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலோ போட்டிருக்கிறதா, சுண்ணாம்புக் கோடு மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒருமுறை துவைத்துவிடுங்கள். நம் கை வியர்வையும், நாய் பூனை இருந்தால் அதன் முடியும் அதில்தான் இருக்கிறது. எது பிரிந்தாலும் நம் வீட்டிலேயே பிரியட்டும்.

துவைக்கும் முறையை எழுதிக் கொடுக்க வேண்டுமா? கொஞ்சம் அதிகாரம் செய்வது போல இருக்காதா?

கட்டாயம் எழுதுங்கள். பத்து வரி வேண்டாம், "முழுப் பருத்தி. மெஷினில் போடலாம். சாதாரணத் தண்ணீர். விரித்துக் காயவைக்கவும்." இவ்வளவே போதும். கனமான பின்னலைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் நீண்டுவிடும் என்பதால் கடைசி வரி முக்கியம். அக்ரிலிக் என்றால் "இஸ்திரி வேண்டாம்" என்று சேருங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் அக்ரிலிக் துவண்டு தட்டையாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை.

நான் கொடுத்த பொருளின் பேட்டர்னை, அதாவது செய்முறைக் குறிப்பை, தோழி கேட்கிறாள். காசு கொடுத்து வாங்கியது. அனுப்பலாமா?

கோப்பைப் பிரதி எடுத்து அனுப்பக் கூடாது. பேட்டர்னில் உள்ள எழுத்து, வரைபடம், படம் எல்லாவற்றுக்கும் அதை உருவாக்கியவருக்குப் பதிப்புரிமை உண்டு. அச்சுப் புத்தகமாக வைத்திருந்தால் அந்தப் புத்தகத்தையே இரவல் கொடுக்கலாம், ஜெராக்ஸ் போட்டு விநியோகிக்கக் கூடாது. இலவச பேட்டர்ன் என்றால் அது இருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள், கோப்பை அல்ல. உருவாக்கியவர் அதில் திருத்தம் செய்தால் தோழிக்குத் திருத்தியது கிடைக்கும் என்ற லாபமும் உண்டு.

அதே சமயம், டபுள் குரோஷே என்ற தையலை எப்படிப் போடுவது, சதுரம் எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் யாருடைய சொத்தும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். செய்து முடித்த பொருளை விற்கலாமா என்பது வேறு கதை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், பேட்டர்னின் அடியில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

நானும் தோழியும் ஒரே பேட்டர்னைத்தான் பின்னினோம். அவளுடையது மட்டும் ஏன் இவ்வளவு உயரமாக வந்தது?

பெரும்பாலும் பெயர்க் குழப்பம். அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டனில் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்க 'டபுள்' பிரிட்டனில் 'ட்ரெபிள்'. ஒரே சொல், இரண்டு உயரம். பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. பின்னல் முறையைச் சொல்லிக்கொடுக்கும்போது எந்த முறையில் சொல்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தோழி இடக்கைப் பழக்கம் உள்ளவள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரே உட்காருங்கள். உங்கள் வலது கை அவளுக்கு இடது பக்கம் தெரியும், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்தால் போதும். அவள் வரிசை இடமிருந்து வலமாகப் போகும். அது தப்பில்லை.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு போர்வை பின்னிப் பொதுத் தோழிக்குக் கொடுக்க நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

தனித்தனிச் சதுரங்களாகப் பின்னிக் கடைசியில் இணைத்துவிடலாம், கணக்கு சுலபம்தான். ஆளுக்கு 8 சதுரம் என்றால் 48. சதுரம் 15 செ.மீ. என்றால், ஆறுக்கு எட்டு என்று அடுக்கும்போது 90க்கு 120 செ.மீ. போர்வை வரும். மடியில் போட்டுக்கொள்ள நல்ல அளவு.

சிக்கல் கணக்கில் இல்லை, கையில் இருக்கிறது. நாங்கள் இப்படி ஒன்று செய்தபோது எல்லோரிடமும் ஒரே நூல், ஒரே 5 மி.மீ. ஊசி. முதல் சதுரங்களை மேஜையில் வைத்தால் ஒருத்தியுடையது 13.5 செ.மீ., இன்னொருத்தியுடையது 17. முதலாமவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுகிறவள், இரண்டாமவள் அரட்டை அடித்துக்கொண்டே பின்னுகிறவள். கையின் இறுக்கத்தை மாற்றச் சொன்னால் யாராலும் முடியாது, ஊசியைத்தான் மாற்ற வேண்டும். இறுக்கமாகப் பின்னுகிறவளுக்கு 5.5 மி.மீ., தளர்வாகப் பின்னுகிறவளுக்கு 4.5 கொடுத்தோம். இரண்டும் 15க்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மிச்ச வித்தியாசத்தை, சதுரங்களை நனைத்துத் தடித்த துண்டின் மேல் 15 செ.மீ.க்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தபோது சமன் செய்தோம். பருத்திக்கும் கம்பளிக்கும் இது நன்றாக வேலை செய்யும். அக்ரிலிக் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. தூரத்திலிருந்து லேசாக நீராவி காட்டலாம், இஸ்திரிப் பெட்டி மேலே படக் கூடாது.

கடைசிச் சுற்று எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். அந்தச் சுற்றையும் இணைக்கும் வேலையையும் ஒருவரே செய்தால் ஆறு கை வேலை என்பது துருத்திக்கொண்டு தெரியாது. நூல் முனையை அவரவரே நுழைத்துக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பவர் தலையில் நூறு முனைக்கு மேல் விழும். எங்கள் குழுவில் அந்தத் தலை என்னுடையது.

"எனக்கும் ஒன்று பின்னித் தாயேன், உனக்கு என்ன, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்வதுதானே" என்கிறார்கள். எப்படி மறுப்பது?

கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வரிசைக்கு 120 தையல், 160 வரிசை உள்ள ஒரு சாதாரணப் போர்வையில் 19,200 தையல்கள். நிமிடத்துக்கு 20 தையல் என்று நிற்காமல் பின்னினாலும் 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம். பிரித்துப் பின்னியது, நூல் சிக்கலை எடுத்தது எதுவும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைக் கேட்ட பாதிப் பேர் தாங்களே பின்வாங்கிவிடுவார்கள்.

மிச்சப் பேருக்கு நான் சொல்வது: "ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து உனக்குச் சொல்லித் தருகிறேன்." வருபவர்கள் கொஞ்சம்தான். வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னைவிட நன்றாகப் பின்னுகிறார்கள்.

பின்னுபவர்களிடையே 'ஸ்வெட்டர் சாபம்' என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினால் அது முடிவதற்குள் காதல் முறிந்துவிடுமாம். சாபம் ஒன்றும் இல்லை, ஸ்வெட்டர் பின்ன அவ்வளவு நாள் ஆகிறது.

நண்பர்களிடம் பணம் வாங்கலாமா?

நீங்களாகக் கொடுத்தால் பரிசு, அவராகக் கேட்டால் வேலை. வேலைக்குப் பணம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம், ஆனால் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். நூல் விலையை மட்டும் வாங்கிக்கொள்ளும் நடுவழியும் உண்டு. நூல்கடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய் அவரே நிறம் எடுத்துக் காசு கொடுக்கச் செய்வது இன்னும் நல்லது, அப்புறம் "இந்த நிறம் வேண்டாமே" என்ற பேச்சு வராது.

நான் கொடுத்ததை அவர் ஒருநாளும் பயன்படுத்திப் பார்க்கவில்லை. வருத்தமாக இருக்கிறது.

வருத்தம் இருக்கத்தான் செய்யும். 16 மணி நேரத்தை ஒருவர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் வலிக்காதா? ஆனால் போய்க் கேட்காதீர்கள். கெட்டுவிடுமோ என்று பத்திரப்படுத்தி வைப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் கொடுக்கும்போதே "அழுக்காகட்டும், கிழியட்டும், நான் தைத்துத் தருகிறேன்" என்று சொல்லிவிடுவேன். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் அது அவருடைய பொருள். எனக்கு அடுத்த முறை யாருக்குப் பின்ன வேண்டும், யாருக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம் என்பது மட்டும் தெளிவாகிவிடும்.

படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறேன். நேரில் இருக்கும் அழகு படத்தில் வருவதில்லையே?

ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் வராது. பகலில், வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில், வெறும் தரையிலோ வெள்ளைத் துணியிலோ வைத்து எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் தையலின் மேடுபள்ளம் தெரியும். அளவு புரிய ஒரு கையையாவது பக்கத்தில் வையுங்கள். பரிசாகப் போகும் பொருள் என்றால் அவர் கைக்குப் போய்ச் சேரும் வரை படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தை போட்டிருக்கும் படம் என்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தூரத்தில் இருக்கும் தோழிக்கு எப்படிப் பார்சல் செய்வது?

நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும். லேசான ஈரம் இருந்தாலும் உள்ளேயே பூசணம் பிடிக்கும். முதலில் பிளாஸ்டிக் உறை, அப்புறம் அட்டைப்பெட்டி. பொம்மையை அமுக்கி அடைக்காதீர்கள், மூக்கு சப்பையாகப் போய்ச் சேரும்.

கொடுத்த பொருள் கிழிந்து என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அதே நூல் இப்போது கிடைக்கவில்லை.

இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு, எந்த நூல், எந்த ஊசி என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு சாண் நூலை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிற எண்ணிலும் தொகுதி மாறினால் நிறம் லேசாக மாறும். மீந்த நூலில் கொஞ்சத்தைப் பொருளோடு சேர்த்தே கொடுத்துவிடுவதும் உண்டு.

நூல் கிடைக்கவே இல்லை என்றால் பொருந்தாத நிறத்தில் துணிந்து ஒட்டுப் போடுங்கள். கிட்டத்தட்டப் பொருந்தும் நிறம் அழுக்குப் போலத் தெரியும், முழுதாக வேறு நிறம் வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும். கிழிந்த இடத்தில் மட்டும் தைக்காமல், அதைச் சுற்றி இன்னும் பலமாக இருக்கும் தையல் வரை போய்ப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்திலேயே வரும். என் தோழி ஒருத்தி நான் பின்னிய பையை இதுவரை மூன்று முறை கொண்டுவந்திருக்கிறாள். அது முதலில் ஒரே பழுப்பு நிறம். இப்போது அடியில் மஞ்சள், கைப்பிடியில் பச்சை, ஓரத்தில் சிவப்பு என்று மூன்று ஒட்டு இருக்கிறது. இன்னும் எதுவும் கிழியவில்லை, ஆனால் அடுத்த ஒட்டு நீலத்தில் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.